தலைமடை

வயலுக்கு நீர் பாய்ச்சும் உழவர் இரண்டு மடைகளை அறிவர். ஏரிக்கு அருகில் இருப்பது தலைமடை. வாய்க்காலின் கடைக்கோடியில் இருப்பது கடைமடை. கடைமடையை எவ்வளவு இறுக அடைத்தாலும், தலைமடை திறந்திருக்கும் வரை ஏரி நீர் வாய்க்காலில் இறங்கிக்கொண்டே இருக்கும். வாய்க்கால் மண் ஒரு பங்கை உறிஞ்சும்; வெயில் ஒரு பங்கைக் குடிக்கும்; நண்டு வளை வழியே ஒரு பங்கு போகும். வயலுக்கு ஒரு துளியும் சேராத நாளிலும் ஏரி குறையும். இரப்பர்க் காட்டிலும் செம்பனைக் காட்டிலும் பிறந்து வளர்ந்த மலேசியத் தமிழருள் பலருக்கு இச்சொற்கள் ஏட்டின் வழியாகவே வந்து சேர்ந்தன. எனினும் மின்சாரத்திற்கும் தலைமடை உண்டு, கடைமடை உண்டு என்பதை யோங் பெங் வட்டாரத்துத் தோட்டக் கோயில் ஒன்றில் ஒரு சிறிய வண்டி அண்மையில் கற்றுக்கொடுத்தது. பாடத்திற்கான கட்டணம் சற்று மிகுதிதான்.

யோங் பெங், ஜொகூர் மாநிலத்தின் பத்து பகாட் மாவட்டத்தைச் சேர்ந்த ஊர். சீன மொழியில் அதன் பெயர் நிலைத்த அமைதி என்று பொருள்படும். ஆனால் 1942ஆம் ஆண்டு சனவரித் திங்களில் ஜப்பானியப் படைக்கும் பிரிட்டன், ஆஸ்திரேலியா, இந்தியா ஆகிய நாட்டுப் படைகளுக்கும் இடையே மூவார்ப் பகுதியில் நடந்த போரின் அலை இவ்வூர்ச் சந்திப்பு வரை வந்தது. தலைநகருக்குச் செல்லும் பழைய நெடுஞ்சாலையும் மூவாரிலிருந்து வரும் சாலையும் இங்கே கைகோத்துக்கொள்கின்றன. சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் இடையே ஓடும் பேருந்துகள் நின்று இளைப்பாறும் ஊர் என்றே பலர் இதனை அறிவர். தேநீர் அருந்திவிட்டுப் பேருந்தில் ஏறிவிடுகின்ற பயணிகள், சாலைக்கு அப்பால் செம்பனை மரங்களுக்குள் மறைந்து கிடக்கும் தமிழர் வரலாற்றை அறிய வாய்ப்பில்லை.

அந்த வரலாற்றில் மின்கலத்திற்கும் ஓர் இடம் உண்டு. இந்நாட்டில் தொலைக்காட்சி 1963ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆம் நாள் தொடங்கியது. ஆனால் அதனைக் கண்டு மகிழ மின்சாரம் வேண்டுமே! தோட்டப்புறங்களில் பல ஆண்டுகள் வரை, அந்தி சாய்ந்ததும் ஜெனரேட்டர் உறுமும், சில மணி நேரம் லயங்களில் விளக்கு எரியும், பிறகு இருள். ஜெனரேட்டரும் இல்லாத தோட்டங்களில் மண்ணெண்ணெய் விளக்குத்தான். இத்தகைய இடங்களில் காரிலிருந்து கழற்றிய 12 வோல்ட் பேட்டரி ஒன்று வீட்டின் மூலையில் பலகையின் மேல் வீற்றிருக்கும். வானொலியும், வசதி வாய்த்தால் சிறிய கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சியும் அதன் தயவில் இயங்கும். அதன் ஆற்றல் தீர்ந்ததும் மிதிவண்டியின் பின்னால் கட்டி, பட்டணத்துக் கடையில் கொடுத்து, மறுநாளோ அதற்கு மறுநாளோ மீட்டு வரவேண்டும். வழியில் சிந்திய அமிலம் எத்தனையோ சட்டைகளில் துளையிட்டிருக்கிறது. 1990ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட தொழிலாளர் குடியிருப்பு, வசதிகளுக்கான குறைந்தபட்சத் தரச் சட்டம்தான் குழாய்நீரும் மின்சாரமும் தருவதை முதலாளியின் கடமையாக்கியது.

அக்கால வீடுகளில் ஒரு வழக்கம் இருந்தது. நிகழ்ச்சி முடிந்ததும் தொலைக்காட்சியை அணைப்பார்கள், அதனோடு விடமாட்டார்கள். பேட்டரியின் முனையைக் கவ்வியிருக்கும் முதலைவாய்க் கிளிப்பையும் கழற்றிவைப்பார்கள். ‘கிளிப்பை எடுத்தாச்சா?’ என்று அடுக்களையிலிருந்து அம்மாவின் குரல் கேட்காத இரவு இல்லை. நேர்மையாகச் சொன்னால், இதற்கு மின்னியல் அறிவு காரணமன்று. அந்நாளைய பெட்டிகளில் விசையைத் திருகி அணைத்தால் அணைந்ததுதான். கிளிப்பைக் கழற்றியது பெரும்பாலும் பிள்ளைகள் கை வைத்துவிடுவார்களே என்ற அச்சத்தினால். ஆயினும் அச்சத்தினால் செய்த அச்செயல், மின்சாரத்தைத் தலைமடையிலேயே அடைக்கும் செயலாக அமைந்துவிட்டது. அந்தக் கிளிப்பின் அருமை, அணைத்தும் அணையாத கருவிகள் பெருகிய பின்னரே விளங்குகிறது.

இனி வண்டியைப் பற்றி. கோல்ப் மைதானத்தில் ஆட்டக்காரரையும் அவருடைய மட்டைப் பையையும் சுமந்து செல்லும் சிறு மின்வண்டியை இந்நாட்டவர் ‘பக்கி’ என்பர். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்து அகஸ்டா நகரில் 1954ஆம் ஆண்டு இரு சகோதரர்கள் தொடங்கிய ஈசி-கோ நிறுவனம் இவ்வண்டிக்குப் பெயர் பெற்றது. செல்வர் விளையாட்டுக்காகப் பிறந்த வண்டி இன்று வேறு பணிகளுக்கும் வந்துவிட்டது. சென்னை எழும்பூர் போன்ற இரயில் நிலையங்களிலும், திருவரங்கம் போன்ற பெருங்கோயில்களிலும் நடக்க இயலாத முதியோரை ஏற்றிச் செல்வது இதன் இனத்தைச் சேர்ந்த ‘பேட்டரி கார்’தான். தள்ளாத வயதில் கோபுரத்தைக் கண்டும் கருவறையைக் காணாமல் திரும்ப வேண்டியிருந்த எத்தனையோ பேருக்கு அது கால்களாக விளங்குகிறது.

யோங் பெங்கிற்கு அருகிலுள்ள அந்தத் தோட்டக் கோயிலும் அவ்வாறே எண்ணியது. லயங்கள் காலியாகிவிட்டன, மக்கள் பட்டணத்துத் தாமான் வீடுகளுக்கு வந்துவிட்டனர், அம்மன் மட்டும் செம்பனைகளுக்கு நடுவே தங்கிவிட்டாள். வெள்ளிக்கிழமைகளில் ஒருவேளைப் பூசை. முழுநிலா நாளிலும் திருவிழாவிலும் கூட்டம். பெருஞ்சாலையிலிருந்து கோயில் வரை ஒன்றரைக் கிலோமீட்டர் செம்மண் பாதை. விழா நாள்களில் கார்கள் சாலையோரத்திலேயே நின்றுவிடும். அப்பாதையில் பால்மரம் சீவி நடந்த கால்கள் இன்று அப்பாதையை நடந்து கடக்க முடியாதவை. ஆகவே கோயிற்குழுவினர் வசூல் நோட்டை எடுத்துக்கொண்டு வீடுவீடாகச் சென்று, பழைய பக்கி ஒன்றை வாங்கினர். அதற்கு விளக்கு வேண்டும், ஒலிப்பான் வேண்டும், அம்மன் பாடல் ஒலிக்க ஒரு ஒலிபெருக்கியும் வேண்டும் என்றனர். எல்லாம் பொருத்தப்பட்டன. தொல்லை இங்கேதான் தொடங்கிற்று.

இவ்விடத்தில் ஒரு சொல்லாராய்ச்சி தேவைப்படுகிறது. கலம் என்பது பழந்தமிழில் பாண்டத்தையும் குறிக்கும், கப்பலையும் குறிக்கும். உண்கலம், மரக்கலம், அணிகலம் என்று அது எத்தனையோ உருவெடுத்தது. ஒன்றைத் தன்னுள் ஏந்தி வைத்திருப்பது கலம் என்று கொண்டால் மின்கலம் என்பது மிகப் பொருத்தமான ஆக்கம். கறாராகப் பார்த்தால் ஒரு கலம் ஏறத்தாழ 2 வோல்ட்டே தரும். அத்தகைய ஆறு கலங்களை ஒரு பெட்டிக்குள் கோத்ததுதான் 12 வோல்ட் பேட்டரி. வழக்கில் அப்பெட்டியையே மின்கலம் என்கிறோம், இக்கட்டுரையிலும் அப்படியே. பல பெட்டிகளைத் தொடராகக் கோத்ததை அடுக்கு எனலாம். பக்கிகளில் 36 வோல்ட் அடுக்கும் உண்டு. 48 வோல்ட் அடுக்கும் உண்டு. கோயில் வண்டியில் நான்கு 12 வோல்ட் மின்கலங்கள் ஒன்றன்பின் ஒன்றாக இணைந்து 48 வோல்ட் தந்தன. ஒவ்வொன்றின் கொள்ளளவும் 150 ஆம்பியர்-மணி.

வண்டியின் மோட்டாருக்கு 48 வோல்ட் வேண்டும். விளக்குக்கும் ஒலிப்பானுக்கும் 12 வோல்ட்டே போதும். இந்த வேறுபாட்டை எப்படிச் சமாளிப்பது? முதலில் கம்பி இழுத்தவர், தோட்டத்து வீட்டில் வானொலிக்கு எடுத்தது போலவே எடுத்தார். நான்கு மின்கலங்களுள் ஒன்றிலிருந்து மட்டும் இரண்டு கம்பிகளை இழுத்து விளக்கை எரித்தார். எரிந்தது, எல்லாரும் மகிழ்ந்தனர். ஆனால் நான்கு மாடுகள் பூட்டிய ஏரில் ஒரு மாட்டை மட்டும் இரவிலும் செக்கில் கட்டினால் என்ன ஆகும்? அந்த ஒரு மின்கலம் மற்ற மூன்றைவிடத் தாழ்ந்துபோயிற்று. மின்னேற்றியோ நான்குக்கும் ஒரே மின்னோட்டத்தைத்தான் செலுத்தும். குறைந்து கிடந்தது ஒருபோதும் நிறையவில்லை. நிறைந்திருந்த மூன்றும் அளவுக்கு மீறி ஏற்றப்பட்டு நீரை இழந்தன. சில திங்களில் அடுக்கு முழுவதும் பழுதாயிற்று. குழுவினர் மீண்டும் வசூல் நோட்டை எடுத்தனர்.

இரண்டாம் முறை சற்று விவரமறிந்த ஒருவரிடம் வேலையைக் கொடுத்தனர். அவர் மின்னழுத்தக் குறைப்பானைக் கொண்டு வந்தார். பட்டறைகளில் இதனை ‘ரிடியூசர்’ என்பர். உள்ளங்கை அளவிலான அலுமினியப் பெட்டி. ஒரு பக்கம் அடுக்கு முழுவதிலிருந்தும் 48 வோல்ட்டை வாங்கும். மறுபக்கம் 12 வோல்ட்டாகக் கொடுக்கும். நான்கு மின்கலங்களும் சுமையைச் சமமாகப் பகிர்ந்துகொள்கின்றன. முறையான ஏற்பாடு இதுவே, இதில் ஐயமில்லை. அவர் விளக்குக்கு ஒரு விசை வைத்தார். அதனைக் குறைப்பானுக்கும் விளக்குக்கும் இடையே வைத்தார். குறைப்பானின் நுழைவுக் கம்பிகளையோ அடுக்கின் முனைகளில் நேரே முடுக்கிவிட்டார். ஒலிபெருக்கிக்கு விசையே வைக்கவில்லை. அதிலேயே ஒரு பொத்தான் இருக்கிறதே என்று எண்ணினார் போலும்.

முதல் முழுநிலா நாளில் வண்டி அழகாக ஓடிற்று. அடுத்த முழுநிலாவன்று பாதி வழியில் நின்றது. மூன்றாம் முறை நகரவே இல்லை; மின்னேற்றியைச் செருகினால் அதுவும் வாய் திறக்கவில்லை. பழைய வகை மின்னேற்றிகள் பல, அடுக்கின் மின்னழுத்தம் ஓரளவுக்குக் கீழே போய்விட்டால் இயங்க மறுத்துவிடும் என்பது குழுவினருக்குத் தெரியாது. புதிய மின்கலங்கள் செத்துவிட்டன என்றே முடிவு கட்டினர்.

பொருள் இழந்த இடத்தில் பழி பிறப்பது உலக வழக்கு. வண்டியை ஓட்டியவன் இடைநிலைப்பள்ளியை முடித்துவிட்டு மேற்படிப்புக்குக் காத்திருந்த ஓர் இளைஞன். சாவி அவனிடம் இருந்தது. ‘கோயில் வண்டியில் நண்பர்களை ஏற்றிக்கொண்டு சுற்றியிருப்பான்’ என்றார் ஒருவர். ‘மின்னேற்ற மறந்திருப்பான், கேட்டால் போட்டேன் என்பான்’ என்றார் மற்றொருவர். அவன் மறுத்துப் பார்த்தான். பிறகு சாவியைப் பொருளாளர் வீட்டு வாசலில் கொடுத்துவிட்டு, கோயிலுக்கு வருவதையே நிறுத்திக்கொண்டான். மின்கலம் போனால் வசூல் செய்து வாங்கலாம். தோட்டம் கலைந்த பின்னும் கோயிலைத் தேடி வருகின்ற இளையோர் எத்தனை பேர்?

பொருளாளர், தமிழ்ப்பள்ளியில் பணியாற்றி ஓய்வு பெற்ற ஆசிரியர். அவருக்கு மனம் ஒப்பவில்லை. வண்டியைக் குறைந்த விலைக்குத் தள்ளிவிடலாம் என்று குழு முடிவு செய்யுமுன், யோங் பெங்கின் புறத்தே சிறு பட்டறை வைத்திருக்கும் ஒருவரை அழைத்து வந்தார். அவரும் தோட்டத்துப் பிள்ளைதான்; அறுபதை நெருங்குகிறவர்; கிளிப்பைக் கழற்றி வளர்ந்த தலைமுறை.

பட்டறைக்காரர் முதலில் மின்கலங்களைத் தொடவில்லை. “சாவி எங்கே, ஐயா?” என்று கேட்டார்.

“என்னிடம்தான் இருக்கிறது, தம்பி. வண்டியில் போடட்டுமா?”

“வேண்டாம். உங்கள் கையிலேயே இருக்கட்டும்.”

பட்டறையிலிருந்து எடுத்து வந்த சிறு மின்னேற்றியால் நான்கு மின்கலங்களையும் தனித்தனியே ஓரளவு உயிர்ப்பித்துக்கொண்டு, குறைப்பானின் நுழைவுக் கம்பியை அடுக்கின் நேர்முனையிலிருந்து கழற்றினார். கழற்றிய இடத்தில் மல்டிமீட்டரைத் தொடராக இணைத்தார். பெரிய மின்னோட்டத்தை அளக்கும் நிலையில் முதலில் வைத்து, பிறகே மில்லி ஆம்பியருக்கு மாற்றினார். குறைப்பானுக்குள் இருக்கும் மின்தேக்கிகள் இணைத்த கணத்தில் ஒரு மடக்கு மின்னோட்டத்தை விழுங்கும். தொடக்கத்திலேயே மென்மையான நிலையில் வைத்தால் மீட்டரின் உருகி போய்விடும். விளக்கு எரியவில்லை, பாட்டு ஒலிக்கவில்லை, சாவி ஆசிரியரின் உள்ளங்கையில் இருந்தது. மீட்டர் 110 மில்லி ஆம்பியர் காட்டிற்று.

“விளக்கு விசையை அணைத்துத்தானே வைத்திருக்கிறோம்?” என்றார் ஆசிரியர்.

“விளக்குக்குப் போகும் வழியை அடைத்திருக்கிறோம், ஐயா. குறைப்பானுக்குள் வரும் வழி திறந்தே கிடக்கிறது.”

ஒலிபெருக்கியின் இணைப்பைப் பிடுங்கியதும் எண் 40க்கு இறங்கிற்று. பொத்தானை அழுத்தி அணைத்திருந்தும், மறுபடி அழைக்கும் கட்டளைக்காக அது விழித்தே கிடந்திருக்கிறது. எஞ்சிய 40, குறைப்பானின் சொந்தச் செலவு. அப்பெட்டி 48 வோல்ட்டை 12 ஆக்குவது தடையைக் குறுக்கே வைத்து அன்று. நொடிக்குப் பல்லாயிரம் முறை மின்சாரத்தைத் திறந்து மூடி, அத்துடிப்பைச் சீராக்கித் தருகிறது. கேட்பார் இல்லாதபோதும் அந்தத் துடிப்பு நிற்பதில்லை. ஆளில்லாத வீட்டில் அடுப்பெரிவது போன்றது அது. வீட்டுக் கருவிகளின் இத்தகைய வெற்றுச் செலவை ஒரு வாட்டுக்குள் அடக்க வேண்டும் என்று அனைத்துலக ஆற்றல் முகமை 1999ஆம் ஆண்டிலேயே முன்மொழிந்தது. இந்தக் குறைப்பான் தனியாகவே 2 வாட் தின்றுகொண்டிருந்தது.

ஆசிரியர் சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்தார். கணக்குப் பாடம் நடத்திய கை அல்லவா! 110 மில்லி ஆம்பியர் என்பது 0.11 ஆம்பியர். ஒரு நாளுக்கு 24 மணி, ஆகவே 2.64 ஆம்பியர்-மணி. நான்கு வாரத்திற்கு 28 நாள், 73.92. கொள்ளளவு 150. ஒருவரும் ஏறாமல், ஓர் அடியும் நகராமல், கொட்டகையில் பூட்டிக் கிடந்த வண்டியின் ஆற்றலில் ஏறத்தாழப் பாதி வடிந்து போயிருக்கிறது! இதனோடு மின்கலம் தானாகவே இழப்பதும் சேரும். காரீய-அமில மின்கலத்திற்கு அந்த இயல்பு உண்டு. வெப்பம் 10 பாகை செல்சியஸ் உயர்ந்தால் அவ்விழப்பு ஏறத்தாழ இரட்டிக்கும். ஜொகூரின் வெயிலில் தகரக் கொட்டகைக்குள் அது எவ்வளவு விரைவாக நடக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்றும் வெளிப்பட்டது. இளைஞன் ஒவ்வொரு விழா இரவிலும் மின்னேற்றியைச் செருகத்தான் செய்தான். காலியான அடுக்கு நிறைய எட்டு மணி நேரமாவது வேண்டும். ஆனால் நடை சாத்துவோர், தீ விபத்துக்கு அஞ்சிக் கோயிலின் முதன்மை விசையை இழுத்துவிட்டுப் போவது வழக்கம். மின்னேற்றி ஒரு மணி நேரம்கூட வேலை செய்திருக்காது. அரைகுறையாக ஏறிய மின்சாரமும் அடுத்த நான்கு வாரத்தில் வடிந்தது. அவன் மறக்கவில்லை, பொய்யும் சொல்லவில்லை. மீட்டரைப் பார்த்தபின் ஆசிரியர் நெடுநேரம் பேசவில்லை.

வடிந்த மின்கலத்தை மீண்டும் நிறைத்தால் போயிற்று என்று எண்ணுவது தவறு. பிரெஞ்சு நாட்டவரான காஸ்தோன் பிளாந்தே 1859ஆம் ஆண்டில் அமைத்த மின்கலத்தின் வேதியியல்தான் இன்றளவும் இவ்வகைப் பெட்டிகளுக்குள் நடக்கிறது. ஆற்றல் வெளியேறும்போது இருவகைத் தகடுகளின் மீதும் காரீய சல்பேட்டு படியும். ஏற்றும்போது கரைந்து பழைய நிலைக்கு மீளும். உடனே ஏற்றினால் அது மென்மையான படிவு. வாரக்கணக்கில் விட்டுவைத்தால் படிகங்கள் பெருத்து இறுகிவிடும். பிறகு மின்சாரத்தால் அவற்றைக் கரைப்பது அரிது. அந்த அளவுக்கு மின்கலத்தின் கொள்ளளவு நிலையாகவே குறைந்துவிடும். எனவே இங்கு நேர்ந்த இழப்பு, மின் கட்டணத்தில் தெரியும் சில காசுகள் அன்று. ஊர் கூடிச் சேர்த்த பணத்தால் வாங்கிய மின்கலத்தின் ஆயுள்.

இவ்விடத்தில் பலர் ஏமாறும் ஒரு நுட்பம் உண்டு. 48 வோல்ட் வண்டியில் மீட்டர் 48 காட்டினால் நிறைந்திருக்கிறது என்று எண்ணிவிடுகிறார்கள். அப்படியன்று. சில மணி நேரம் ஓய்ந்திருந்த நிலையில், முழுதும் நிறைந்த 12 வோல்ட் மின்கலம் 12.7 காட்டும், நான்குக்குமாக 50.8. ஒவ்வொன்றும் 12.1க்கு இறங்கினாலே ஆற்றலில் பாதி போய்விட்டது என்பது பொருள். அடுக்கு 48 காட்டும்போது பாதிக்கும் கீழே இருக்கிறது. பெயரில் உள்ள எண்ணை அளவென்று நம்பியதால் வீணான மின்கலங்களுக்குக் கணக்கில்லை.

பரிகாரம் மிக எளியது. குறைப்பானுக்கு முன்னால் அடைக்க வேண்டும்; பின்னால் அன்று. பட்டறைக்காரர் அடுக்கின் நேர்முனையை ஒட்டி ஓர் உருகியை வைத்தார். அதையடுத்து ஒரு ரிலேயை வைத்து, அதன் வழியாகக் குறைப்பானுக்கு மின்சாரம் செல்லுமாறு செய்தார். ரிலேயின் சுருளைச் சாவி விசையோடு இணைத்தார். சாவியைத் திருப்பினால் ரிலே மூடும், குறைப்பான் விழிக்கும். சாவியை எடுத்தால் குறைப்பானுக்கு ஒரு துளியும் போகாது. விளக்கு, ஒலிப்பான், ஒலிபெருக்கி எல்லாம் தாமாகவே அடங்கும். சில குறைப்பான்களில் இதற்கென்றே மூன்றாவது மெல்லிய கம்பி ஒன்று இருக்கும். அதனைச் சாவி விசையோடு இணைத்தாலே துடிப்பு பெரும்பாலும் அடங்கிவிடும். இவ்வண்டியில் இருந்தது இரண்டு கம்பி வகை. ஆகவே ரிலே தேவைப்பட்டது.

எளிது என்றாலும் கண்மூடிச் செய்யும் வேலையன்று. கார்க் கடையில் கிடைக்கும் 12 வோல்ட் ரிலே இதற்கு உதவாது. அதன் சுருள் 48 வோல்ட்டில் கருகும். சுருளைக் காத்தாலும் அதன் தொடுமுனைகள் திறக்கும் கணத்தில் தோன்றும் மின்பொறி, உயர்ந்த நேர்மின்னழுத்தத்தில் அணையாமல் நீண்டு முனைகளை உருக்கிவிடக்கூடும். 48 வோல்ட் நேர்மின்சாரத்தைத் தாங்கும் என்று எழுதியிருக்கும் ரிலேயும் உருகியுமே வேண்டும். எதிர்க்கம்பியை வண்டியின் இரும்புச் சட்டத்தில் முடுக்கும் கார்ப் பழக்கமும் இங்கே ஆகாது. அடுக்கின் எதிர்முனைக்கே கொண்டுபோக வேண்டும். ஏற்றி முடித்த சூட்டோடு இவ்வேலையில் இறங்குவதும் கூடாது. ஏறும் மின்கலம் ஹைட்ரஜன் வாயுவை வெளிவிடும். கம்பி தொடும்போது தெறிக்கும் ஒரு பொறி போதும்.

“இருக்கைக்கு அடியில் ஒரு விசை இருக்கிறதே, தம்பி, இழுத்துச் செல்லும்போது திருப்பச் சொன்னார்கள். அதைத் திருப்பி வைத்திருந்தால் போதாதா?” என்று ஆசிரியர் கேட்டார். நல்ல கேள்வி. சில பக்கிகளில் அத்தகைய விசை உண்டு. அது மோட்டாரின் கட்டுப்பாட்டுக் கருவியை நிறுத்தும். ஆனால் பின்னால் வந்தவர் அடுக்கின் முனையில் நேரே முடுக்கிய கம்பியை அந்த விசை அறியாது. வீட்டுக்காரர் வாசலைப் பூட்டினார். வாடகைக்கு வந்தவர் கொல்லைப்புறத்தில் தனி வழி வெட்டிக்கொண்டார் என்பது போல.

மின்னேற்றிக்கு மட்டும் தனி இணைப்பு ஒன்றை, அதற்குரிய பாதுகாப்புக் கருவியோடு, மின்சார வேலைக்கு உரிமம் பெற்றவரைக் கொண்டு போட்டுக்கொள்வது என்று குழு முடிவு செய்தது. நடை சாத்துவோர் முதன்மை விசையைத் தாராளமாக இழுக்கலாம். வண்டி மட்டும் விடிய விடிய உண்ணும். தரையைவிட்டு உயர்ந்த பலகையில் சாவிக்கு ஓர் ஆணி அடித்தனர். சாவி ஆணியில் தொங்குவதைக் கண்ணால் கண்ட பிறகே கொட்டகையைப் பூட்டுவது என்பது புதிய விதி. அடுக்களையிலிருந்து கேட்ட பழைய குரலுக்கு இது தம்பி முறை.

ஆசிரியர் அன்று மாலையே இளைஞனின் வீட்டிற்குச் சென்றார். தாளையும் எடுத்துச் சென்றார். பெருக்கல் கணக்கை அவனுடைய தாயின் முன்னால் வைத்து விளக்கினார். அடுத்த கூட்டத்தில் குழுவினர் அனைவர் முன்னிலையிலும் அதையே மீண்டும் விளக்கினார். முன்பு பேசியவர்களுள் ஒருவர் எழுந்து வந்து அவன் தோளில் கை வைத்தார். மற்றவர் ரிலேயின் விலையைக் கேட்டார். 

அடுத்த முழுநிலாவுக்கு முதல் நாள், நான்கு வாரம் பூட்டிக் கிடந்த வண்டியை அவனே அளந்து பார்த்தான். கோயிற் கணக்குப் புத்தகத்தின் பின்பக்கத்தில் தேதியிட்டு எழுதினான்: முதல் மின்கலம் 12.6, இரண்டாவது 12.6, மூன்றாவது 12.3, நான்காவது 12.6. மூன்றாவதின் தகடுகளில் சல்பேட்டு இறுகிவிட்டிருக்கும் என்றும், வயது முதிர்ந்த அடுக்கில் புதியது ஒன்றை மட்டும் கலந்தால் அதுவும் மற்றவற்றின் தரத்துக்கே இறங்கிவிடும் என்றும் பட்டறைக்காரர் சொன்னார். இவை இன்னும் இளையவை. கொள்ளளவை முறையாகச் சோதித்த பிறகே ஒன்றை மாற்றுவதா நான்கையும் மாற்றுவதா என்று முடிவு செய்யலாம் என்றார். மறுநாள் வண்டி பெருஞ்சாலைக்கும் கோயிலுக்கும் இடையே பதினொரு முறை சென்று வந்தது. ஏறியவர்களுள் மூத்தவர், அதே தோட்டத்தில் பால்மரம் சீவிய ஒரு பாட்டி. வண்டி மேட்டில் ஏறும்போது கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு, பாட்டின் ஒலியைச் சற்றுக் குறைக்கச் சொன்னார்.